சின்னப் புள்ளியா, பெரிய புள்ளியா: ரெட் டொட் எடுக்கும் முன்

கேள்வி: என் ஊர் கல்முனை, வயது 44. பொலிஸ் சேவையில் இருக்கிறேன். 12 வருடங்களாகச் சேவை அணிக்காக 25 மீற்றர் பிஸ்டல் சுடுகிறேன், எல்லாம் சாதாரண இரும்புக் குறிதான். இப்போது எங்களில் சிலர் ஐபிஎஸ்சி என்ற, வேகமும் துல்லியமும் சேர்ந்த சுடும் போட்டியில் புரொடக்‌ஷன் ஒப்டிக்ஸ் பிரிவுக்கு (இரும்புக் குறிக்குப் பதில் ரெட் டொட் பூட்டிய பிஸ்டல்) தயாராகிறோம். ரெட் டொட் சைட், அதாவது ஒளிரும் சிவப்புப் புள்ளியைக் காட்டும் குறி, எந்தப் புள்ளி அளவில் வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலில் புள்ளிக்கு 2.5 எம்ஓஏ, 6 எம்ஓஏ (கோணத்தில் சொல்லும் அளவு) என்று இரண்டு அளவு உண்டு. சின்னதுதான் துல்லியம் என்கிறார் ஒருவர், பெரியதுதான் வேகம் என்கிறார் இன்னொருவர். நண்பரின் 2.5ஐ வாங்கிப் பார்த்தேன். எனக்கு அது புள்ளியாகவே தெரியவில்லை. காய்ந்த மிளகாய் மாதிரி ஒரு பக்கம் இழுபட்டுத் தெரிந்தது. சைட் பழுதா? நான் எதை எழுதிக் கொடுப்பது?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் எண்களை விட அந்த மிளகாய்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 2.5ஆ 6ஆ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். தன் கண்ணுக்குப் புள்ளி எப்படித் தெரிகிறது என்று எழுதுபவர்கள் குறைவு. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. எதை எடுப்பது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் கண்ணைப் பார்ப்போம்.

ரெட் டொட்டுக்குள் ஒரு சின்ன எல்ஈடி விளக்கு இருக்கிறது. அதன் ஒளி முன்னாலிருக்கும் பூச்சுப் பூசிய வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. கதிர்கள் இணையாக வருவதால் புள்ளி பிஸ்டலின் மேல் இருப்பதாகத் தெரியாது. தூரத்தில், இலக்கோடு சேர்ந்து நிற்பது போலத் தெரியும். ஆகவே அதைத் தூரப் பார்வையால்தான் பார்க்க வேண்டும். இத்தனை வருடமும் நீங்கள் கை நீட்டும் தூரத்தில் நிற்கிற முன்குறியைக் கூர்மையாகப் பார்த்துப் பழகியவர். இந்த மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

சைட் பழுதா, கண்ணா என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி உண்டு. சைட்டைப் பிஸ்டலிலிருந்து கழற்றி, தனியாகக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்து, தூரத்துச் சுவரைப் பார்த்தபடி புள்ளியைப் பாருங்கள். வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். இப்போது சைட்டைக் கால் சுற்று திருப்புங்கள். வாலும் கூடவே திரும்பினால் குறை சைட்டில். சைட் திரும்பியும் வால் அதே பக்கம் நின்றால் குறை கண்ணில். இன்னொன்றும் செய்யலாம். கண் இருக்கும் இடத்தில் போன் கமராவை வைத்துப் படம் எடுங்கள். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்து உங்களுக்கு மட்டும் மிளகாயாகத் தெரிந்தால், நண்பருடைய சைட்டில் குற்றமில்லை. ஒரு மட்டைத்துண்டில் ஊசியால் துளை போட்டு, அந்தத் துளை வழியாகப் புள்ளியைப் பாருங்கள். சட்டென்று உருண்டையாகிவிட்டால் சந்தேகமே வேண்டாம், கண் டொக்டரிடம் போக வேண்டிய விஷயம்தான்.

கண்ணில் என்ன குறை? பெரும்பாலும் அஸ்டிக்மாட்டிசம். கண்ணின் முன்புறப் படலம் எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாதபோது, ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி ஒரு புள்ளியில் வந்து சேராமல் கோடாகவோ நட்சத்திரமாகவோ இழுபடும். கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்ற கட்டத்தில் ஒரு எண் எழுதியிருப்பார்களே, அதுதான் இது. பகலில், புத்தகத்தில், ரோட்டில் பெரிதாகத் தெரியாது. இருட்டில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு சிதறித் தெரிகிறதா என்று யோசித்துப் பாருங்கள். அங்கே தெரிந்தால் ரெட் டொட்டிலும் தெரியும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. நண்பரின் சைட்டைப் பார்க்கும்போது எந்தக் கண்ணாடி போட்டிருந்தீர்கள்? நீங்கள் அதை எழுதவில்லை. 40 தாண்டி இரும்புக் குறியில் சுடுகிறவர்கள் பலர் சுடுவதற்கென்றே ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். முன்குறி கூர்மையாகத் தெரிவதற்காகத் தூரப் பவரோடு அரையோ முக்காலோ கூட்டிப் போட்டது. இரும்புக் குறிக்கு அது சரியான கண்ணாடி. ரெட் டொட்டுக்கு அதே கண்ணாடி எதிரி. தூரத்தில் உள்ள எல்லாவற்றையும் அது மங்கலாக்கும், புள்ளியையும் சேர்த்து. கணக்கு இதுதான்: கண்மணியின் அகலத்தைக் கூடுதல் பவரால் பெருக்கினால் மங்கலின் அளவு வரும். வெயிலில் கண்மணி 3 மில்லிமீற்றர், கூடுதல் பவர் 0.75 என்றால், மங்கல் ஏறக்குறைய 8 எம்ஓஏ. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்கள் 2.5 வாங்கினாலும் 6 வாங்கினாலும் கண்ணுக்கு வருவது பஞ்சு மாதிரி ஒரு சிவப்புத் திட்டுத்தான்.

ஆகவே கண் டொக்டரிடம் போகும்போது “முன்குறிக்காகப் போட்ட கண்ணாடி வேண்டாம், முழுத் தூரப் பார்வைக்குச் சிலிண்டரோடு சரி செய்த கண்ணாடி வேண்டும்” என்று தெளிவாகக் கேளுங்கள். மேலே தூரம், கீழே வாசிப்பு என்று இரண்டும் கலந்த கண்ணாடி வேண்டாம். பிஸ்டலை உயர்த்தும்போது தலை கொஞ்சம் சரியும், பார்வை வேறு பாகத்தில் விழும், புள்ளி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரித் தெரியும். உடையாத லென்ஸாகக் கேளுங்கள், சுடுதளத்தில் அது கண்ணுக்குக் காவலும்கூட. இந்தக் கண்ணாடி கைக்கு வந்த பிறகும் கொஞ்சம் வால் மிஞ்சினால் பரவாயில்லை. ஆறு எம்ஓஏ புள்ளியில் அந்த வால் அதிகம் தொந்தரவு தராது. 2.5இல் வால் புள்ளியை விட நீளமாகி, குறி எங்கே என்ற குழப்பம் வரும். சிலருக்குப் பச்சைப் புள்ளி சிவப்பை விடக் கூர்மையாகத் தெரிகிறது. ஆளுக்கு ஆள் மாறும், பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, இனி எண்களுக்கு வருவோம்.

எம்ஓஏ என்பது கோணத்தின் அளவு. ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு. 25 மீற்றரில் அது 7.3 மில்லிமீற்றர், 10 மீற்றரில் 2.9. கண் பரிசோதனைப் பலகையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. 6/6 என்று சொல்கிற வரியில் உள்ள ஒரு எழுத்து, 6 மீற்றரில் நின்று பார்க்கிறவருக்கு 5 எம்ஓஏ உயரம். அந்த எழுத்தின் ஒரு கோடு 1 எம்ஓஏ. அப்படியென்றால் 5 எம்ஓஏ புள்ளி என்பது நல்ல பார்வை உள்ளவர் வாசிக்கக்கூடிய அந்தச் சின்ன எழுத்தின் அளவுதான். 1 எம்ஓஏ புள்ளி கண்ணின் எல்லையிலேயே நிற்கிறது. ‘பெரிய புள்ளி’ என்று சொல்லும்போது நாம் பேசுவது உண்மையில் எவ்வளவு சின்ன விஷயம் என்று பாருங்கள்.

2.5 எம்ஓஏ புள்ளி 25 மீற்றரில் 18 மில்லிமீற்றர் இடத்தை மூடும். ரெட் டொட்டுக்குள் போடுகிற சிஆர்2032 பற்றரி 20 மில்லிமீற்றர், அதை விடக் கொஞ்சம் சின்னது. 6 எம்ஓஏ புள்ளி மூடுவது 44 மில்லிமீற்றர், மேசைப்பந்தை விட ஒரு நகம் பெரிது. நீங்கள் 12 வருடம் சுட்ட 25 மீற்றர் துல்லிய இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர். பெரியது என்று பயமுறுத்துகிற ஆறு, உங்கள் பத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இதோடு உங்கள் பழைய முன்குறியை ஒப்பிடுங்கள். 3 மில்லிமீற்றர் அகலமான முன்குறி, கண்ணிலிருந்து 70 சென்ரிமீற்றரில் நின்றால், 15 எம்ஓஏ அகலம் பிடிக்கும். 25 மீற்றரில் அது 10 சென்ரிமீற்றருக்கு மேல். அதை வைத்துத்தான் நீங்கள் பத்துப் பத்தாகப் போட்டீர்கள். புள்ளி இலக்கை மூடிவிடும் என்ற பயத்தை 25 மீற்றர் வரைக்கும் விட்டுவிடலாம். உருண்டையான ஒன்றின் நடுவைக் கண்டுபிடிப்பதில் மனிதக் கண் மிகக் கெட்டித்தனமானது. மூடுகிறதா இல்லையா என்பதை விட, நடு தெரிகிறதா என்பதே கேள்வி.

சின்னப் புள்ளியின் உண்மையான சிக்கலை நான் ஒரு பிள்ளையிடமிருந்து கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் பெண் உத்தியோகத்தர் அவர். இரும்புக் குறியில் நிதானமாகச் சுடுவார். அவருக்கு 2 எம்ஓஏ புள்ளியைச் சிபாரிசு செய்தது நான்தான். நல்ல கை, நல்ல கண், சின்னப் புள்ளி பொருந்தும் என்று நினைத்தேன். மூன்றாவது கிழமை ஓட்டைகள் இடது பக்கம் கீழே இறங்கத் தொடங்கின. பக்கத்தில் போய் நின்று இலக்கைப் பார்க்காமல் அவருடைய விரலைப் பார்த்தேன். ட்ரிகரில் விரல் வைத்தபடி காத்திருந்தார். ஒரு விநாடி, இரண்டு, மூன்று. நகம் வெளிறவில்லை, அழுத்தமே இல்லை. திடீரென்று நகம் முழுவதும் வெள்ளையாகி மணிக்கட்டு கீழே குத்தியது. வெடிச் சத்தம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். “புள்ளி நிற்கவே மாட்டேன் என்கிறது சேர், பத்தில் படுகிற நேரம் பார்த்து இழுத்தேன்” என்றார்.

அவர் கை முன்பை விட அதிகம் ஆடவில்லை. இரும்புக் குறியில் தெரியாமல் இருந்த ஆட்டத்தைச் சின்னப் புள்ளி வடிவாகக் காட்டியது, அவ்வளவுதான். மணல் துணிக்கை போன்ற ஒரு பொட்டு பத்தாம் வளையத்துக்குள் ஓடித் திரிவதைப் பார்த்தால், அதைப் பிடித்து நிறுத்தத்தான் மனம் சொல்லும். நிறுத்த முடியாது. பிறகு பறித்து இழுப்பதுதான் வழி. 6 எம்ஓஏவுக்கு மாற்றினேன். அதே கை, அதே ஆட்டம். ஆனால் புள்ளியின் அகலத்துக்குள் ஆட்டம் பாதி மறைந்துவிட்டது. புள்ளி நடுவில் ‘உட்கார்ந்திருப்பதாக’ அவருக்குத் தெரிந்தது, விரல் பழையபடி மெதுவாக அழுத்தத் தொடங்கியது. இரண்டு கிழமையில் ஓட்டைகள் நடுவுக்கு வந்தன. அந்தச் சிபாரிசை அவசரப்பட்டுச் செய்ததற்காக இன்றும் மனது கொஞ்சம் உறுத்தும். அதன் பிறகு யாருக்கும் எண்ணை முதலில் சொல்வதில்லை.

நீங்கள் இறங்கப்போகும் ஆட்டம் வேறு என்பதையும் யோசிக்க வேண்டும். 25 மீற்றரில் ஒவ்வொரு ரவைக்கும் தனி மதிப்பெண், நேரம் தாராளம். ஐபிஎஸ்சியில் எடுத்த மதிப்பெண்ணை எடுத்த நேரத்தால் வகுப்பார்கள், அதுதான் ஹிட் ஃபாக்டர். உங்கள் பிரிவில் எல்லோருக்கும் மைனர் கணக்கு (குறைந்த சக்தி ரவைக்கான மதிப்பெண் முறை): இலக்கின் நடுவில் அல்பா 5, அதைச் சுற்றி சார்லி 3, ஓரத்தில் டெல்டா 1. பன்னிரண்டு ரவை ஸ்டேஜில் எல்லாம் அல்பா என்றால் 60. பத்து விநாடியில் முடித்தால் 6.00. இன்னொருவர் இரண்டு சார்லி விட்டு 56 எடுத்து, ஒன்பது விநாடியில் முடிக்கிறார். அவருக்கு 6.22. ஒரு விநாடியை எங்கே சேமித்தார்? பெரும்பாலும் புள்ளியைத் தேடாமல். ஒரு இலக்கிலிருந்து அடுத்த இலக்குக்குக் கண் போகும், கை பின்னால் வரும், அங்கே புள்ளி உடனே கண்ணில் பட வேண்டும். 18 மில்லிமீற்றர் பொட்டு வெயிலில் மண்ணிறக் கார்ட்போட்டின் மேல் கண்ணில் படுவதை விட, 44 மில்லிமீற்றர் பொட்டு சீக்கிரம் படும். மறுபக்கமும் இருக்கிறது. தூரத்துச் சின்ன இலக்கு, பக்கத்தில் சுடக் கூடாத வெள்ளை இலக்கு பாதி மறைத்து நிற்கிறது என்றால், சின்னப் புள்ளிக்காரருக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ஒரு போட்டியில் அப்படியான ரவைகள் சில, கிட்டத்து ரவைகள் பல.

இந்தப் போட்டியில் ரெட் டொட் புதிய விஷயமல்ல. 1990இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் டக் கோனிக் ரெட் டொட்டோடு வென்றார். அன்றைக்கு அது பெரிய குழாய் மாதிரி, ஃப்ரேமில் தாங்கி போட்டு ஏற்றியது. இன்று ஸ்லைடின் (சுடும்போது பின்னால் ஓடி வரும் மேற்பகுதி) மேல் தீப்பெட்டியை விடச் சின்னதாக உட்காருகிறது. அதனால் இன்னொரு கேள்வி வருகிறது, நீங்கள் கேட்காதது: புள்ளியின் அளவோடு ஜன்னலின், அதாவது புள்ளி தெரியும் கண்ணாடியின் அளவு.

ட்ரிஜிகொன் ஆர்எம்ஆரின் ஜன்னல் 22 மில்லிமீற்றர் அகலம், 16 உயரம். அதே கம்பனியின் எஸ்ஆர்ஓ 25 அகலம், 22.5 உயரம். கண்ணிலிருந்து 65 சென்ரிமீற்றரில் பிடித்தால், ஆர்எம்ஆரில் குழல் மேலே கீழே முக்கால் பாகைக்குக் கிட்ட பிசகினாலே புள்ளி ஜன்னலுக்கு வெளியே போய்விடும். எஸ்ஆர்ஓவில் ஒரு பாகை வரை பொறுக்கும். அகலப் பக்கம் வித்தியாசம் சொற்பம். மேலே கீழேதான் லாபம், புதிதாகப் பழகுகிறவர் புள்ளியைத் தொலைப்பதும் அந்தப் பக்கம்தான். உறையிலிருந்து எடுத்து நீட்டும்போது குழல் கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும், புள்ளி காணாமல் போகும். போட்டிக்கு மட்டும் என்றால் பெரிய ஜன்னலையே எழுதிக் கொடுங்கள். ஆனால் ஒரு பாகை என்பது மிகச் சொற்பம். பிஸ்டலை நீட்டினால் புள்ளி அங்கே இருக்க வேண்டும் என்பதைக் கைதான் பழக வேண்டும். ரவை இல்லாத பிஸ்டலோடு, பாதுகாப்பான திசையில், தினமும் பத்து நிமிடம். கண்ணை மூடி நீட்டி, கண்ணைத் திறந்து பாருங்கள். புள்ளி இல்லையென்றால் மணிக்கட்டைத் திருத்துங்கள். ஜன்னலுக்குள் தேடாதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றி நம் பக்கத்தில் சுடுகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். அம்பாறை, மட்டக்களப்பு வெயில் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கண்ணும் வறளும், லென்ஸிலும் தூசி படியும். வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் லென்ஸில் உள்ள தூசியும் விரல் ரேகையும் எல்லாம் ஒளிர ஆரம்பிக்கும். அதற்குள் சின்னப் புள்ளியைத் தேடுவது பாடு. ஆகவே கூடிய வெளிச்ச நிலை போதுமான அளவு உள்ள சைட்டாகப் பாருங்கள். தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சைட் என்றால், அதை நிறுத்திக் கையால் வைக்கும் வசதி இருக்க வேண்டும். காரணம் நம் ரேஞ்ச்களில் நாம் நிற்பது தகரக் கொட்டிலின் நிழலில், இலக்கு நிற்பது வெள்ளை மணலில் பட்டை வெயிலில். சைட் தான் இருக்கும் நிழலைப் பார்த்துப் புள்ளியை மங்கலாக்கிவிடும். இலக்கின் மேல் கொண்டு போய் வைத்தால் புள்ளியே இராது.

கூட்டி வைப்பதிலும் அளவு வேண்டும். வெளிச்சம் அதிகமானால் 2.5 புள்ளி பூத்து ஆறு மாதிரித் தெரியும், ஓரம் முள்ளு முள்ளாகும். சிலர் ‘என் சைட்டில் எண் தவறாகப் போட்டிருக்கிறார்கள்’ என்று சொல்வது இதனால்தான். இலக்கைப் பார்க்கும்போது புள்ளி தெரிய வேண்டும், ஆனால் கண் அதன் பக்கம் இழுபடக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். கொட்டிலில் நின்று வைக்காமல், வெயிலில் நிற்கும் இலக்கைப் பார்த்தபடியே வையுங்கள்.

மார்கழி, தை மழையில் சுட வேண்டி வந்தால் திறந்த வகை சைட்டில் எல்ஈடி மேல் ஒரு துளி விழுந்தாலே புள்ளி சிதறிப் போகும். எய்ம்பொயின்ட் ஆக்ரோ மாதிரி இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு மூடிய வகையில் அந்தத் தொல்லை இல்லை, வெளிக்கண்ணாடியைத் துடைத்தால் போதும். ஆனால் அதன் ஜன்னல் சின்னது. நம் பக்கத்துப் போட்டிகள் பெரும்பாலும் வெயில் காலத்தில் என்றால் திறந்ததே போதும். ஒரு மென்மையான துணியும் ஊதுகிற சின்ன ரப்பர் உருண்டையும் பையில் இருக்கட்டும்.

சில சைட்களில் புள்ளியைச் சுற்றி வளையமும் வரும். ஹோலோசன் 507சியில் 2 எம்ஓஏ புள்ளி, 32 எம்ஓஏ வளையம். 25 மீற்றரில் அந்த வளையம் 23 சென்ரிமீற்றர், நீங்கள் சுட்ட இலக்கின் கறுப்பை விடப் பெரியது. புள்ளியைத் தொலைக்கிற ஆரம்ப நாட்களில் வளையத்தின் ஒரு துண்டு தெரிந்தாலும் எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று தெரியும். அதற்கு நல்லது. கை பழகியதும் வளையத்தை அணைத்துவிடச் சொல்வேன். கண் சிலிண்டர் உள்ளவருக்கு வளையமும் சேர்ந்து இழுபட்டால் தலையிடிதான்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். காசு செலவில்லை. சிவப்பு மட்டையில் மூன்று வட்டம் வெட்டுங்கள்: 18 மில்லிமீற்றர், 36 மில்லிமீற்றர், 44 மில்லிமீற்றர். இவை 25 மீற்றரில் 2.5, 5, 6 எம்ஓஏவுக்குச் சமம். போட்டியில் வைக்கிற மண்ணிறக் கார்ட்போட்டில் ஒன்றுக்கொன்று ஒரு அடி இடைவெளி விட்டு ஒட்டி, 25 மீற்றரில் நிறுத்துங்கள். பகல் 11 மணிக்கு மேல், சுடும் இடத்தில் நின்று, புதிய தூரக் கண்ணாடியைப் போட்டு, இரண்டு கண்ணும் திறந்து பாருங்கள். எது உங்கள் பார்வையை வந்து தொடுகிறது, எதைத் தேட வேண்டியிருக்கிறது? தலையைத் திருப்பி வேறு பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று திரும்பிப் பாருங்கள். பத்துத் தடவை. எழுதி வையுங்கள். ஒளிரும் புள்ளி இதை விடச் சற்றுப் பெரிதாகத் தோன்றும், ஆனால் அளவைப் பற்றிய உண்மை அந்த மட்டையிலேயே தெரிந்துவிடும். ரேஞ்சுக்குப் போக நேரமில்லையென்றால் வீட்டு முற்றத்தில் 10 மீற்றர் அளந்து, 7, 14.5, 17.5 மில்லிமீற்றர் வட்டங்களை வைக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

இரண்டு கண்ணும் திறந்து என்று எழுதினேன். அதையும் பழகுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, இரண்டு கண்ணும் திறந்து நின்று கலப்பு அணியில் வெள்ளி எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் சுட்டது இரும்புக் குறி. ரெட் டொட்டில் அது இன்னும் சுலபம், இன்னும் அவசியம். பார்வை இலக்கிலேயே இருக்கட்டும். புள்ளி அதன் மேல் வந்து நிற்கட்டும். முன்குறியைத் தேடிப் போகிற 12 வருடப் பழக்கம் உங்களைப் புள்ளியின் மேல் முறைத்துப் பார்க்கச் சொல்லும். முதல் மாதத்தில் அதோடுதான் போராட்டம் இருக்கும்.

பொருத்துகிற வேலையை உங்கள் ஆயுதத் திருத்துநரிடம் விடுங்கள். சைட்டின் அடிப்பாகமும் ஸ்லைடில் வெட்டிய இடமும் ஒரே வகையாக இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்கும் முன் கேளுங்கள், எல்லா சைட்டும் எல்லா ஸ்லைடிலும் உட்காராது. திருகாணிக்குத் தளராமல் பிடிக்கும் பசை போட்டு, திருகாணித் தலையிலிருந்து சைட் வரை பெயின்ற்றால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு விலகினால் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். பல சைட்களில் ஒரு கிளிக் 1 எம்ஓஏ, அதாவது 25 மீற்றரில் 7 மில்லிமீற்றர். 25இல் குறி சரிசெய்தால் 7 மீற்றரில் ரவை ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தாழ்வாக விழும், புள்ளி குழலுக்கு மேலே இருப்பதால். அல்பாவுக்கு அது பொருட்டல்ல.

உங்கள் பழைய பிஸ்டலில் மட்டும் இதைப் பூட்டிவிடாதீர்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி நடக்கும் பிஸ்டல் போட்டி எதிலும் ரெட் டொட்டுக்கு அனுமதியில்லை, திறந்த குறி மட்டும்தான். 25 மீற்றரை விடாமல் தொடர நினைத்தால் இரண்டு ஏற்பாடும் தனித்தனியாக இருக்கட்டும், இரண்டு கண்ணாடியும் தனித்தனிப் பெட்டியில் பெயர் ஒட்டி இருக்கட்டும். இதை வாசிக்கும் சேவையில் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் நாட்டில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தோடு மட்டும்தான். சைட்டைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு.

சரி, எதை எழுதிக் கொடுப்பது? உங்கள் வயது, மிளகாய், வெயில், ஆட்டத்தின் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 6 எம்ஓஏ, பெரிய ஜன்னல், கையால் வெளிச்சம் வைக்கும் வசதி. 5 கிடைத்தால் அதுவும் சரி, இரண்டுக்கும் இடையில் நீங்கள் வித்தியாசம் உணர மாட்டீர்கள். 50 மீற்றரில் நிதானமாகச் சுடும் போட்டி ஒன்று உங்கள் திட்டத்தில் இருந்தால் மட்டும் இந்தப் பதில் மாறும். அங்கே ஆறு 87 மில்லிமீற்றரை மூடும், 2.5 அல்லது 3 பக்கம் போகலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

எழுதிக் கொடுப்பதற்கு இன்னும் நாள் இருந்தால், முதலில் கண் டொக்டர், பிறகு அந்த மூன்று வட்டம். இரண்டும் முடிந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள். சீட்டில் சிலிண்டர் கட்டத்தில் என்ன எண் இருந்தது, பத்துத் தடவையில் எந்த வட்டம் எத்தனை தடவை முதலில் கண்ணில் பட்டது என்று மட்டும் எழுதினால் போதும். 44 மில்லிமீற்றர் வட்டத்தை விட 18 முந்திக்கொண்டால், 2.5ஐ எழுதிக் கொடுக்க நானே சொல்வேன்.